காந்தமும் மின்சாரமும்: வைட்ஃபீல்டில் ஓடும் இருவகை மோட்டார்கள்

பெங்களூரின் கிழக்கு எல்லையில் உள்ள இந்த வைட்ஃபீல்ட், 1882-ஆம் ஆண்டில் ஒரு வேளாண் குடியிருப்பாகத் தோன்றியது. மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் யுரேசியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். அச்சங்கத்தை நிறுவிய டி. எஸ். வைட் அவர்களின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. சென்னை செல்லும் இருப்புப் பாதையில் ஒரு சிறு நிலையம், தோட்டங்கள், ஓட்டு வீடுகள் என்று ஒரு நூற்றாண்டுக் காலம் அமைதியாக இருந்த இவ்வூரின் தோற்றம், 1990-களில் எழுந்த தொழில்நுட்பப் பூங்காவினால் முற்றிலும் மாறியது.

இன்று இவ்வூரில் இருவகை மின் ஊர்திகளைக் காணலாம். ஒன்று, தூண்கள் மீது ஓடும் மெட்ரோ ரயில். கிருஷ்ணராஜபுரத்திலிருந்து வைட்ஃபீல்ட் வரையிலான 13.71 கிலோமீட்டர் பாதை 2023 மார்ச் 25 அன்று திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அது நகரின் மேற்குக் கோடி வரை இணைக்கப்பட்டது. மற்றொன்று, அதன் கீழே சாலையில் செல்லும் மின்சார ஸ்கூட்டர். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற இரு இளைஞர்கள் 2013-இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி நிறுவனம், தன் முதல் ஸ்கூட்டர்களை 2018-இல் இந்த வைட்ஃபீல்டில் அமைந்த தொழிற்சாலையிலிருந்தே வெளியிட்டது. பின்னர் அதன் உற்பத்தி ஓசூருக்கு மாறியது.

ரயிலும் ஸ்கூட்டரும் மின்மோட்டாரினால் ஓடுபவையே. ஆனால் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் நிலைக்காந்தம் உண்டு. ரயிலின் மோட்டாருக்குள் அது கிடையாது. காந்தமே இல்லாத மோட்டார் எவ்வாறு சுழல்கிறது? சுழல முடியுமாயின், ஸ்கூட்டருக்கு மட்டும் விலையுயர்ந்த காந்தம் எதற்கு? பள்ளிப் பாடமாகத் தோன்றும் இவ்வினாக்களுக்கு விடை காண முற்பட்டால், அது கன்னியாகுமரிக் கடற்கரை மணலிலும் மத்திய அமைச்சரவையின் முடிவுகளிலும் நம்மைக் கொண்டு சேர்க்கும்.

திசை மாறிய ஊசி

இரும்பை ஈர்க்கும் காந்தக் கல்லைப் பண்டை மக்கள் அறிந்திருந்தனர். தேய்த்தால் துரும்பை ஈர்க்கும் அம்பரையும் அறிந்திருந்தனர். இவ்விரண்டும் வெவ்வேறு விந்தைகள் என்ற எண்ணமே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நிலவியது. 1820-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட் என்ற பேராசிரியர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகே வைத்திருந்த திசைகாட்டியின் ஊசி விலகுவதைக் கண்டார். மின்னோட்டத்தை நிறுத்தியதும் ஊசி பழைய நிலைக்குத் திரும்பியது. ஊசி கம்பியை நோக்கி இழுக்கப்படவும் இல்லை, விலக்கித் தள்ளப்படவும் இல்லை. கம்பிக்குக் குறுக்காக நிற்கவே முயன்றது. அதாவது, மின்னோட்டம் தன்னைச் சுற்றி வளையம் வளையமாக ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது.

இச்செய்தி பாரிசை அடைந்த சில வாரங்களிலேயே ஆம்பியர் அதனை மேலும் முன்னெடுத்துச் சென்றார். இணையான இரு கம்பிகளில் ஒரே திசையில் மின்னோட்டம் பாய்ந்தால் அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. எதிர்த் திசைகளில் பாய்ந்தால் விலக்குகின்றன. இங்கே இரும்பும் இல்லை, காந்தக் கல்லும் இல்லை. கம்பியைச் சுருளாகச் சுற்றினால் அது சட்டக் காந்தத்தைப் போலவே வடமுனையும் தென்முனையும் கொண்டு விளங்குகிறது. அப்படியாயின் காந்தக் கல்லுக்குள்ளும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய மின்னோட்டங்கள் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என ஆம்பியர் கருதினார். அணுவின் அமைப்பே அறியப்படாத காலத்தில் இது துணிச்சலான ஊகமாகும்.

மின்னோட்டம் காந்தத்தை எவ்வளவு தொலைவுக்குப் பாதிக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. பம்பாயின் கொலாபாவில் புவியின் காந்தத்தை அளந்து வந்த புகழ்பெற்ற ஆய்வகம், நகரில் மின்சார டிராம் வரவிருந்ததால் 1904-இல் கடலுக்கு அப்பால் உள்ள அலிபாகுக்கு இடம் மாற்றப்பட்டது. இரும்பு கலவாத மணற்கல்லைத் தேர்ந்து புதிய கட்டடம் எழுப்பினர். மெட்ரோ திட்டங்கள் பெருகிவரும் நகரங்களில் நுண்கருவிகளைக் கொண்ட ஆய்வகங்கள் இன்றும் இக்கவலையிலிருந்து விடுபட்டுவிடவில்லை.

அசைந்தால்தான் மின்சாரம்

மின்சாரம் காந்தத்தைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தருமா? இவ்வினாவுக்கு 1831-இல் விடை கண்டவர் மைக்கேல் ஃபாரடே. புத்தகங்களுக்குக் கட்டடம் போடும் பட்டறையில் வேலை பழகிய இவர் முறையான உயர்கல்வி பெற்றவரல்லர். காந்தத்தைக் கம்பிச் சுருளுக்குள் வைத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மின்சாரம் வருவதில்லை. காந்தத்தை உள்ளே செலுத்தும்போதும் வெளியே எடுக்கும்போதும் மட்டுமே வருகிறது. காந்தப்புலம் மாறினால்தான் மின்சாரம் தூண்டப்படுகிறது.

சைக்கிள் டைனமோவைக் கையாண்டவர்களுக்கு இது அனுபவப் பாடம். சக்கரத்தில் உரசும் சிறு உருளை, உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. சுற்றியுள்ள சுருளில் மின்சாரம் பிறந்து விளக்கு எரிகிறது. சைக்கிள் நின்றால் விளக்கும் அணைகிறது. விளக்கு எரியும்போது மிதிப்பது சற்றுக் கடினமாவதையும் யாவரும் அறிவர். உருளையின் உராய்வு ஒருபுறமிருக்க, தூண்டப்பட்ட மின்னோட்டம் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, தன்னைத் தோற்றுவித்த இயக்கத்தையே எதிர்க்கிறது. விளக்கின் ஒளிக்கு உரிய விலையைக் கால்கள் செலுத்துகின்றன. லென்ஸ் என்பவர் 1834-இல் வகுத்த இவ்விதியைப் பொருளாதார மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வர். ஈடு கொடாமல் எதுவும் கிடைப்பதில்லை.

வைட்ஃபீல்ட் நிலையத்தை நெருங்கும் மெட்ரோ ரயில் வேகத்தைக் குறைப்பதும் இவ்விதியின்படியே. தண்டவாளத்தை ஒட்டிய மூன்றாவது கம்பியிலிருந்து 750 வோல்ட் நேர்மின்சாரத்தைப் பெற்று ஓடும் அதன் மோட்டார்கள், பிரேக் போடும்போது மின்னாக்கிகளாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பித் தருகின்றன.

ஃபாரடேயின் கண்டுபிடிப்பு இப்பகுதிக்கு வந்து சேர நெடுங்காலம் ஆகவில்லை. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902-இல் 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்கள். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு கிடைத்தது அதற்குப் பின், 1905-இல்தான். இவ்வளவு தொலைவுக்கு மின்சாரத்தைப் பெரும் இழப்பின்றி அனுப்ப மின்னழுத்தத்தை உயர்த்த வேண்டும். அதைச் செய்யும் மின்மாற்றியில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. மாறுதிசை மின்னோட்டம் இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அம்மாற்றமே மறு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. தெருமுனை மின்மாற்றியின் இடையறாத ரீங்காரம், அதன் இரும்புத் தகடுகள் காந்தமாகும்போது நொடிக்கு 100 முறை மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்குவதால் எழுவது.

நினைவுள்ள இரும்பும் மறதியுள்ள இரும்பும்

ஆம்பியரின் ஊகத்துக்கு 20-ஆம் நூற்றாண்டு புதிய வடிவம் தந்தது. ஒவ்வோர் எலெக்ட்ரானும் இயல்பாகவே ஒரு நுண்ணிய காந்தம். இதனைத் தற்சுழற்சி என்பர். எலெக்ட்ரான் பம்பரம்போல் உண்மையில் சுழல்கிறது எனப் பொருள் கொள்வது சரியன்று. ஆயினும் அதன் காந்தத் தன்மை ஐயத்துக்கு இடமற்றது. செம்பில் இந்நுண்காந்தங்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே அமைந்து ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இரும்பில் அவ்வாறு நீங்காமல் எஞ்சியவை உண்டு. அவை அருகிலுள்ள அணுக்களின் காந்தங்களோடு ஒரே திசையில் அணிவகுக்கின்றன.

அவ்வாறாயின் ஒவ்வோர் இரும்பு ஆணியும் காந்தமாக அன்றோ இருக்க வேண்டும்? இல்லாததற்குக் காரணம், அணிவகுப்பு ஆணி முழுவதும் ஒரே திசையில் இல்லாமல், நுண்ணிய பகுதிகளாகப் பிரிந்து திசைக்கொன்றாக நிற்பதே. காந்தத்தை அருகே கொண்டுவந்தால் இப்பகுதிகள் ஒரு திசைப்படுகின்றன. அகற்றினால், மென்மையான இரும்பில் மீண்டும் கலைந்துவிடுகின்றன. இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அணிவகுப்பே முற்றிலும் குலைந்துபோகிறது.

பொறியியலுக்கு இருவகை இரும்பும் தேவை. மின்மாற்றிக்கும் மோட்டாரின் உள்ளகத்துக்கும் உடனுக்குடன் மறந்துவிடும் இரும்பு வேண்டும்; சிலிக்கான் கலந்த எஃகுத் தகடு அத்தகையது. நிலைக்காந்தத்துக்கோ எளிதில் மறவாத பொருள் வேண்டும். அத்தகைய பொருள்களுள் இன்று தலைசிறந்தது நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது உருவாக்கப்பட்டது. ஒலிபெருக்கிகளில் காணும் கருநிறப் பீங்கான் போன்ற ஃபெரைட் காந்தத்தைவிட இதன் ஆற்றல் ஏறத்தாழ பத்து மடங்கு மிகுதி.

இதனைச் செய்யும் முறை கவனத்துக்குரியது. கலவை உலோகத்தை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ள பொடியாக அரைக்கின்றனர். காற்றுப் பட்டால் அப்பொடி தீப்பற்றும். காந்தப்புலத்தில் வைத்துப் பொடித் துகள்களை ஒரு திசைப்படுத்தி அழுத்துகின்றனர். ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு இறுக்கி, துருப்பிடிக்காதிருக்க மேற்பூச்சுத் தருகின்றனர். இத்தனைக்குப் பின்னும் அது காந்தம் அன்று. ஒரு சுருளுக்குள் வைத்து, கண்ணிமைக்கும் நேரத்துக்குப் பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சியதும்தான் காந்தமாகிறது. நிலைக்காந்தமும் தன் காந்தத்தை மின்னோட்டத்திடமிருந்தே பெறுகிறது.

இரு மோட்டார்கள், இரு பொருளாதாரங்கள்

மெட்ரோ ரயிலில் உள்ளது தூண்டல் மோட்டார். வெளிச் சுருள்களில் பாயும் மும்முனை மின்சாரம் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. நடுவில் உள்ள சுழலியில் இருப்பவை இரும்புத் தகடுகளும் உலோகத் தண்டுகளும் மட்டுமே. சுழலும் புலம் அத்தண்டுகளில் மின்னோட்டத்தைத் தூண்ட, அம்மின்னோட்டம் சுழலியைத் தற்காலிகக் காந்தமாக்க, அது புலத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. உழவர்களின் கிணற்று மோட்டாரும் இவ்வகையே. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் 1937-இல் மோட்டார் செய்து காட்டியதையடுத்து, அந்நகரின் வார்ப்படச் சாலைகளிலும் பட்டறைகளிலும் ஒரு பெருந்தொழில் வேரூன்றியது. செம்புக் கம்பி, எஃகுத் தகடு, கடைசல் இயந்திரம், சுருள் சுற்றத் தெரிந்த கைகள் ஆகியவை இருந்தால் சிறு முதலீட்டாளர் ஒருவர் மோட்டார் செய்ய முடிந்தது. எந்த அயல்நாட்டுக் கனிமமும் அவரது கையைக் கட்டிப்போடவில்லை.

ஆனால் சுழலியில் தூண்டப்படும் மின்னோட்டம் ஓரளவு ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். மூன்றாவது கம்பியிலிருந்து மின்சாரம் பெறும் ரயிலுக்கு இது தாங்கக்கூடிய இழப்பு. ஸ்கூட்டரிலோ நிலைமை வேறு. அதன் உறுப்புகளில் விலை மிகுந்தது மின்கலம். மோட்டார் வீணாக்கும் ஒவ்வொரு வாட் மின்சாரத்துக்கும் ஈடாக மின்கலத்தைப் பெரிதாக்க வேண்டும். சுழலியில் நிலைக்காந்தத்தைப் பதித்துவிட்டால், காந்தத்தை உண்டாக்க மின்சாரம் செலவிட வேண்டியதில்லை. மோட்டாரும் சிறிதாகவும் எடை குறைந்ததாகவும் அமைகிறது. இவ்வசதிக்கு விலையாகத்தான் மோட்டார் செய்பவர் காந்தம் செய்பவரைச் சார்ந்திருக்க நேர்கிறது.

அச்சார்பின் அளவு 2025 ஏப்ரலில் தெளிவாயிற்று. உலகின் அருமண் காந்தங்களில் பத்தில் ஒன்பது பங்கை உற்பத்தி செய்யும் சீனா, டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை அடங்கிய காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமக் கட்டுப்பாடு விதித்தது. சில மாதங்களில் இந்தியாவின் மின்சார இருசக்கர வாகன உற்பத்தியாளர் சிலர் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. ஒரு வாகனத்தின் விலையில் காந்தத்தின் பங்கு மிகச் சிறிது. எனினும் அச்சிறு பொருள் வாராவிடில் வாகனம் முழுவதும் தொழிற்சாலையிலேயே நிற்கும். இறக்குமதிச் செலவை மட்டும் கணக்கிடும் வழக்கமான அட்டவணைகளில் இவ்வகை அபாயம் இடம்பெறுவதில்லை என்பது நமது திட்டமிடலில் நெடுநாளாக உள்ள குறையாகும்.

மணல் உண்டு, காந்தம் இல்லை

இத்தனைக்கும் மூலப்பொருளில் நாம் வறியவர்கள் அல்லர். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து சென்ற தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் கனிமத்தைக் கண்டறிந்தார். அன்று அது விரும்பப்பட்டது எரிவாயு விளக்கின் வலைத்திரிக்குத் தேவையான தோரியத்துக்காக. 1950-இல் நிறுவப்பட்ட இந்திய அருமண் நிறுவனம் இன்றும் மணவாளக்குறிச்சியில் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. நாட்டின் மோனசைட் இருப்பு ஏறத்தாழ 1 கோடியே 31 லட்சம் டன் என அணுசக்தித் துறை மதிப்பிட்டுள்ளது.

மணலிலிருந்து ஆக்சைடு, ஆக்சைடிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து கலவை, கலவையிலிருந்து காந்தம் என்ற படிகளில் முதற்படியில் மட்டுமே நாம் உறுதியாகக் கால் ஊன்றினோம். உள்நாட்டில் வாங்கிப் பயன்படுத்துவோர் இல்லாமையால் நியோடிமியம் பல ஆண்டுகள் ஜப்பானுக்கு ஏற்றுமதியாயிற்று. 2023 மே மாதத்தில் விசாகப்பட்டினத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட ஆலை செய்வது சமாரியம்-கோபால்ட் காந்தம். ஆண்டுக்கு 3,000 கிலோ திறனுடைய அது, பாதுகாப்பு, விண்வெளி போன்ற துறைகளை முதன்மையாகக் கருதியது. சாலை வாகனங்களின் தேவை வேறு. 2025 நவம்பர் 26 அன்று மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாய் செலவில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆண்டுக்கு 6,000 டன் காந்த உற்பத்தித் திறனை நாட்டில் உருவாக்குவது அதன் நோக்கம்.

பணத்தால் மட்டும் தீராத இரண்டு சிக்கல்கள் உண்டு. நியோடிமியக் காந்தம் சுமார் 310 டிகிரியில் காந்தத் தன்மையை முற்றிலும் இழக்கிறது. அதற்கு மிகக் குறைந்த வெப்பத்திலேயே தளரத் தொடங்குகிறது. கோடையில் மேம்பாலம் ஏறும் ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் நிலவும் சூட்டைத் தாங்க, அதில் சிறிதளவு டிஸ்புரோசியம் சேர்ப்பது வழக்கம். நம் கடற்கரை மோனசைட்டில் நியோடிமியம் கணிசமாக உண்டு, டிஸ்புரோசியம் மிகச் சொற்பம். இரண்டாவது, மோனசைட்டில் தோரியம் இருப்பதால் மணலை அள்ளுவது கடலோர மக்களுக்கு அச்சத்தை விளைவிக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் மீனவர்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வைட்ஃபீல்டில் ஓடும் ஸ்கூட்டருக்கான விலையை மணவாளக்குறிச்சியில் வாழ்வோர் செலுத்துவதாக முடியக் கூடாது. இதனை மக்களின் அறியாமை என ஒதுக்குவது எளிது, முறையன்று. கதிர்வீச்சு அளவீடுகளை ஊர்தோறும் தமிழில் வெளியிடுவது பயன் தரும்.

ஆகவேதான், காந்தத்தைத் தேடுவதோடு இயற்பியலையும் மீண்டும் புரட்டிப் பார்க்கின்றனர். பெங்களூரைச் சேர்ந்த ஓலா எலெக்ட்ரிக் நிறுவனம் அருமண் கலவாத ஃபெரைட் காந்த மோட்டாருக்கு 2025-இல் அரசுச் சான்று பெற்றது. சோதனை நடைபெற்றது தமிழ்நாட்டில் உள்ள வாகன ஆய்வு மையத்தில். காந்தத்தின் வலிமை குறைவதை வடிவமைப்பின் திறனாலும் மின்னணுக் கட்டுப்பாட்டாலும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும். நிலைக்காந்தமே இன்றி, இரும்பின் வடிவத்தைக் கொண்டே சுழலும் மோட்டார்களும் உள்ளன. கோயம்புத்தூர்ப் பட்டறைகளுக்குப் புதிதாக ஒரு வாயில் திறக்குமாயின் அது இத்திசையில்தான்.

மற்றொரு வழி இவ்வூரிலேயே உள்ளது. இங்குள்ள அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகளில் ஹார்டு டிஸ்க் உள்ள ஒவ்வொன்றிலும், படிக்கும் கரத்தை அசைப்பதற்கான நியோடிமியக் காந்தத் துண்டு இருக்கிறது. பழைய மோட்டார்களிலும் இருக்கிறது. அரிய கனிமங்களை மறுசுழற்சி செய்வோருக்கு ஊக்கத்தொகை வழங்க 2025 செப்டம்பரில் அமைச்சரவை 1,500 கோடி ரூபாய் ஒதுக்கியது. பழைய இரும்புக் கடையில் இத்துண்டுகள் மற்ற இரும்போடு சேர்ந்து உருகி வீணாகாமல், தனியே பிரிக்கப்பட வேண்டும். அவை கருவிகளிலும் கைகளிலும் ஒட்டி விபத்து விளைவிப்பவை. எனவே முதலில் 310 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காந்தத் தன்மையைப் போக்கிவிட்டே எடுப்பது வழக்கம். அதன் பின்னர் அவற்றைப் பொடியாக்கி, அழுத்திச் சுட்டு, சுருளில் வைத்து மின்னோட்டம் பாய்ச்சினால் மீண்டும் காந்தமாகும்.